நாலடி அடிமரத்துக்கு ஆசைப்பட்டு: சாய்ந்த பலாவை இறக்கிய கதை

மோட்டார் கொட்டகையின் மூலையில் ஒரு சிமெண்ட் ஷீட் போச்சு. டெலிவரி பைப் ஒரு முழத்துக்கு முறிந்தது. வேறு சேதாரம் இல்லை, ஆட்கள் முழுசாக இருக்கிறோம். ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை 2024 ஆவணியில் ஒருவழியாக முடிந்தது. முடிந்த விதத்தில் எனக்குத் திருப்தி இல்லை. அளவுகளும் செலவும் நோட்டில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தோப்பு ஆலங்குடிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தபோது 4 பலாவில் 3 வேரோடு போயின. நாலாவது கிழக்கே சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. மேற்குப் பக்கம் வேர் தூக்கி, மண்ணில் கை நுழைகிற அளவு வெடிப்பு. மண்ணைப் போட்டு மிதித்து அணைத்துவிட்டோம். அது பாட்டுக்கு வருஷத்துக்கு முப்பது நாற்பது பழம் கொடுத்துக்கொண்டிருந்தது. காய்க்கிற மரத்தை யார் வெட்டுவார்கள்? வீட்டில் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவார்.

2023 மழையில் மேற்குப் பக்கத்து அடியில் தட்டுத்தட்டாகக் காளான் பூத்தது. அடுத்த கோடையில் அதே இடத்தில் கறுப்பு எறும்பு சாரை சாரையாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. மரம் சாய்ந்திருந்த திசையில் 14 அடியில் மோட்டார் கொட்டகை. இன்னொரு வடகிழக்குப் பருவத்தை அது தாங்காது என்று தோன்றியது. பழம் முடியட்டும், ஆடிக் காற்றும் அடங்கட்டும் என்று ஆவணிக்கு நாள் வைத்தோம்.

முதலில் வியாபாரியைத்தான் கூப்பிட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு நின்ற மரத்துக்கு 9,000 சொன்னார். "கொட்டகைக்கு நான் பொறுப்பில்லை" என்பதையும் சேர்த்தே சொன்னார். கொட்டகைக்கு நான்தான் பொறுப்பு என்றால் வெட்டுவதும் நானே வெட்டலாமே என்று அப்போது தோன்றியது. பலாவின் வைரம், அதாவது உள்ளே இருக்கிற கெட்டி மரம், வீட்டில் நிலை, கதவுக்கு ஆகும் என்ற கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

என்னிடம் இருந்தது கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைகளைத் துண்டு போடுவதற்காக வாங்கிய 58 சிசி சைனா செயின்சா மிஷின். 7,500 ரூபாய். 22 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிளேடு வெளியே நிற்பது 20 அங்குலம்தான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். அந்த மிஷினோடு ஆறு வருஷம் பழகியிருக்கிறேன் என்ற தைரியம் எனக்கு. ஆனால் நான் அறுத்ததெல்லாம் கீழே கிடந்த மரம். நிற்கிற மரம் வேறு சாதி என்பதை அடுத்த மூன்று நாளில் கற்றுக்கொண்டேன்.

துணைக்குச் சின்னையா. எழுபதை நெருங்குகிறார். ரம்பமும் கோடாரியும் மட்டும் இருந்த காலத்திலிருந்து மரம் வெட்டுகிறவர். மிஷினைத் தொட மாட்டார். வந்த அன்று அவர் செய்த முதல் வேலை, கோடாரியைத் திருப்பிப் பிடித்து மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டியது. தெற்கே, கிழக்கே "டங், டங்". மேற்கே தட்டினபோது தலையணையை அடித்த மாதிரி இருந்தது.

"உள்ள பொக்கையா இருக்குப்பா. இடுப்புக்கு மேல வச்சு அறு."

எனக்கு மனசு கேட்கவில்லை. தரையிலிருந்து ஒரு அடியில் சுற்றளவு 94 அங்குலம். நெஞ்சுயரத்தில் 84. மரத்திலேயே பருத்த பகுதி அந்த அடிமரம்தான். இடுப்புக்கு மேலே அறுத்தால் நாலடி மரம் நின்றுகொண்டே அழுகும். "கொஞ்சம் பொக்கை இருந்தா என்ன சின்னையா, சுத்தி வைரம் இருக்கும்ல" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெற்றிலையைக் கிழித்து நரம்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அளவெடுத்தேன். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, ஏணி வைத்து 10 அடி உயரத்திலிருந்து விட்டுப் பார்த்ததில் குண்டு அடிமர நடுவிலிருந்து 22 அங்குலம் கிழக்கே தள்ளி நின்றது. இது தண்டின் சாய்வு மட்டும். கிளைகளில் முக்கால்வாசி கிழக்கேதான் போயிருந்தன, எடை அந்தப் பக்கம் இன்னும் அதிகம். உயரம் சுமார் 45 அடி. வடக்கே ஏழு வயசுத் தென்னங்கன்றுகள். மேற்கே தள்ள முடியாது, சாய்வுக்கு நேர் எதிர். தெற்கே கடலை எடுத்து உழுது போட்ட கொல்லை. அங்கேதான் விழ வேண்டும். அதாவது கிழக்கே போக நினைக்கிற மரத்தைத் தெற்கே விழவைக்க வேண்டும்.

முதல் நாள் கிளை இறக்குவது. அதற்கு முன் லைன்மேனைப் பார்த்துக் கொட்டகைக்கு வரும் சர்வீஸ் ஒயரைக் கம்பத்திலேயே கழற்றிவைத்தோம். இந்த வேலையில் நான் முழுக்கச் சரியாகச் செய்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

தென்னை ஏறுகிற தம்பி ஒருவர் வந்தார். கைரம்பமும் வெட்டரிவாளும் இடுப்பில். சின்னக் கிளைகளைத் தரித்துவிட்டு, கொட்டகைக்கு மேல் நீண்டிருந்த 9 அங்குலக் கிளைக்கு வந்தோம். கிளையைக் கயிற்றில் கட்டிக் கவையில் போட்டுக் கீழே இரண்டு ஆள் பிடித்துக்கொண்டார்கள். நான் கீழே நின்று "மேல இருந்து அறுங்க தம்பி" என்றேன். பாதிதான் அறுத்திருப்பார். கிளை தன் எடையிலேயே மடங்கி, அடிப்பக்கப் பட்டையோடு ஐந்தடிக்கு வாழைநார் உரிகிற மாதிரி உரித்துக்கொண்டு ஊஞ்சலாகத் தண்டில் வந்து அடித்தது. தம்பி காலைத் தூக்கிக்கொண்டதால் பிழைத்தார். இறங்கிவந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயமான பார்வை.

அடுத்த கிளைகளில் சின்னையா சொன்னபடி முதலில் அடியிலிருந்து மேல் நோக்கிக் கால்வாசி அறுத்தோம். அதற்கு இரண்டு அங்குலம் நுனிப்பக்கம் தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை 'டக்' என்று முறிந்து நேராகத் தொங்குகிறது. பட்டை உரிவதில்லை. இதற்குக் கூடுதலாக ஆன நேரம் கிளைக்கு இரண்டு நிமிஷம்.

பலாவுக்கென்று ஒரு தொல்லை, பால். கீழே விழுந்த கிளைகளை மிஷினால் துண்டு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டார்ட் செய்தால் செயின் அசையவில்லை. பட்டைப் பாலும் மரத்தூளும் சேர்ந்து பிளேடில் செயின் ஓடும் காடியில் ரப்பர் மாதிரி இறுகியிருந்தது. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காடியை ஹாக்ஸா பிளேடு முனையால் சுரண்டி எடுக்க ஒன்றேகால் மணி நேரம். பலாப்பழம் அரிகிறவர்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவுவது சின்ன வயசிலிருந்து பார்க்கிற விஷயம். அது மிஷினுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. மறுநாளிலிருந்து வேலையை நிறுத்தும் முன் ஒரு நிமிஷம் செயினை வெறுமனே ஓடவிட்டு, காடி முழுக்க ஆயில் பாய்ந்த பிறகே ஆஃப் செய்தேன். அப்புறம் ஒட்டவில்லை. செயினுக்கு நான் ஊற்றுவது 20டபிள்யூ-40 புது ஆயில். பைக்கில் வடித்த கரி ஆயிலை ஊற்றுகிறவர்கள் நிறைய. ஒரு பிளேடு அப்படிப் போன பிறகு நான் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் இன்னொன்று. நெஞ்சுயரத்தில் நின்றிருந்த ஒரு குட்டிக் கவையை எடுக்கப் போனபோது பொறி பறந்தது. எப்போதோ அப்பா கொட்டகைக்கு எர்த் கம்பி இழுக்க அடித்த ஆணி. மரம் அதை முழுங்கி மேலே பட்டையும் போர்த்தியிருந்தது. செயினில் எட்டுப் பல் மொட்டை. மிஷினை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கூர் போனதைத் தூளே சொல்லிவிடும். ரவை மாதிரி வந்தால் கூர் இருக்கிறது. மைதா மாதிரி வந்தால் நிறுத்திவிட வேண்டும், கையால் அழுத்தி அறுக்கக் கூடாது. என் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பிளேடின் மேல் 30 பாகைக்கு மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு இணையாக, ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளு. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று என்று தள்ளினால் அறுப்பு வளைந்து போகும். அன்று ராத்திரி மொட்டைப் பற்கள் மட்டத்துக்கு மற்றப் பற்களையும் தேய்த்து இறக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போனதும் வெட்டி வேலையாகப் பட்டது. காலையில் புதுச் செயினே போட்டுவிட்டேன், 650 ரூபாய்.

இரண்டாம் நாள் கயிறு. இங்கேயும் ஒரு முட்டாள்தனம். பக்கத்துக் கொல்லைக்காரர் டிராக்டரோடு வந்து, "அறுக்கவே வேணாம் அண்ணே, வேர்தான் ஒரு பக்கம் செத்துப்போச்சே, இழுத்துப் பாப்போம்" என்றார். நானும் சரி என்றேன். ஆள் எட்டுகிற உயரத்தில், 8 அடியில், பழைய நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தோம். மரம் அசையவில்லை. அவர் கிளட்சை வெடுக்கென்று விட்டார். கயிறு அறுந்து, முனை டிராக்டர் மட்கார்டில் பட்டு ஒரு வடு விழுந்தது. பத்து அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் அவர் கழுத்து. அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகுதான் போர் மோட்டார் தூக்குகிறவரிடம் 2 டன் செயின் கப்பியை வாடகைக்கு எடுத்தேன், ஒரு நாளைக்கு 300. 20 மில்லிமீட்டர் நைலான் கயிறு புதுசாக வாங்கினேன். தம்பியை மறுபடி ஏற்றி 22 அடி உயரத்தில் முதல் கவைக்கு மேலே கட்டினோம். எட்டடியில் டிராக்டர் செய்யாததை 22 அடியில் ஒரு ஆள் கைச்சங்கிலியை இழுத்துச் செய்துவிடுகிறார். மறுமுனைக்குத் தெற்கே 70 அடியில் நின்ற பனை. மரம் 45 அடி என்பதால் கப்பி இழுக்கிற ஆள் மரம் படுக்கிற நீளத்துக்கு வெளியே நிற்கலாம்.

இதில் நான் எதிர்பார்க்காதது, நைலான் இழுத்தால் நீளும் என்பது. கப்பிச் சங்கிலி மொத்தம் 10 அடிதான் சுருங்கும். அதில் நாலடியைக் கயிறே தின்றுவிட்டது, மரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கட்டை அவிழ்த்துக் கயிற்றைச் சுருக்கி மறுபடி மாட்ட ஒரு மணி நேரம். கப்பியைப் படுக்கவைத்து இழுத்தால் கைச்சங்கிலி முறுக்கிக்கொள்கிறது. அடியில் சாக்கை விரித்துப் போட்டதும் கொஞ்சம் ஒழுங்காக ஓடியது.

இரண்டாவது கயிறு சின்னையாவின் யோசனை. மேற்கே 40 அடியில் நின்ற இரண்டு தென்னைகளின் அடியில், அதே 22 அடி உயரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொய்வில்லாமல் கட்டச் சொன்னார். "இது இழுக்கறதுக்கு இல்ல. அது கெழக்க ஓடாம புடிச்சுக்க." எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. ஆனால் முதல் நாள் கிளைக்குப் பிறகு எதிர்த்துப் பேசுகிற தெம்பு குறைந்திருந்தது. கட்டினோம்.

மூன்றாம் நாள் காலை 7 மணி. காற்று இல்லை. தலையில் பைக் ஹெல்மெட், காதில் பஞ்சு, காலில் கம்பெனி ஷூ. வடமேற்கே, மரம் விழும் திசைக்குப் பின்னால் சாய்வாக, ஓடுவதற்கு இருபதடி நீளத்துக்குச் செத்தையை அரித்துப்போட்டிருந்தோம்.

தெற்குப் பக்கம், தரையிலிருந்து ஒரு அடியில், ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்தேன். சின்னையா இதை வாய் என்கிறார். மரத்தின் குறுக்களவு 30 அங்குலம், வாய் உள்ளே போனது 7 அங்குலம். துண்டு வெளியே வந்ததும் வாய்க்குள் குனிந்து பார்த்தேன். கிழக்குப் பக்கம் மஞ்சள் கிழங்கை வெட்டின மாதிரி பளிச்சென்று வைரம். மேற்கே போகப் போகப் பழுப்பு. கடைசி மூன்று விரற்கடை ஈரக் கோதுமைத் தவிடு. விரலால் குத்தினால் உள்ளே போனது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வாயைக் கைவிட்டு, நாலடி மேலே போய்ப் புதுசாக ஆரம்பித்திருக்கலாம். துண்டு எடுக்க முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, அதை வீணாக்க மனசு வரவில்லை.

பின்பக்கம் வாயின் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே அறுக்க ஆரம்பித்தேன். பிளேடு 20, மரம் 30, அதனால் மேற்கேயிருந்து பாதி, கிழக்கேயிருந்து பாதி. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே 3 அங்குல மரத்தை அறுக்காமல் விட வேண்டும். அதுதான் கதவுக் கீல். மரம் அதில் திரும்பித்தான் படுக்கும். பத்து அங்குலம் உள்ளே போனதும் புளியமர ஆப்பு இரண்டைச் சம்மட்டியால் அடித்து இறக்கினோம், மரம் பின்னால் உட்கார்ந்து பிளேடைக் கடித்துவிடாமல் இருக்க. புளியாப்பு வீட்டிலேயே செதுக்கியது. இரும்பாப்பில் பிளேடு பட்டால் செயின் போகும்.

மேற்கே அறுக்கும்போது தூள் ரவையாக வரவில்லை, மைதாவாகவும் வரவில்லை. ஈரமாக, கறுப்பாக, காப்பித் தூள் மாதிரி வந்தது. செயின் ஏதோ ஒரு இடத்தில் தடையே இல்லாமல் உள்ளே போச்சு. பொந்து. அதற்குள் கப்பிக்காரர் இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

"படக்" என்று ஒரு சத்தம், பிறகு நீளமாகத் துணி கிழிகிற மாதிரி. மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மரம் தெற்கே பாதி சாய்ந்திருந்தது, அதே சமயம் தலையைக் கிழக்கே திருப்பிக்கொண்டிருந்தது. மேற்குக் கயிறு தம்பூரா தந்தி மாதிரி ஒரு முறை 'ம்ம்ம்' என்று அதிர்ந்ததை எல்லாரும் கேட்டோம். இரண்டு தென்னையும் குனிந்து நிமிர்ந்தன. மரம் அந்தக் கயிற்றில் ஒரு நொடி தயங்கி, மீதியைத் தெற்கே படுத்தது. நினைத்த கோட்டிலிருந்து 30 பாகை கிழக்கே. கிழக்குக் கவையின் முனை ஷீட்டில் இடித்துவிட்டு பைப்பின் மேல் உட்கார்ந்தது.

கட்டையைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. கிழக்கே சாய்கிற மரத்தைத் தெற்கே விழவைக்கும்போது அதைக் கிழக்கே போகவிடாமல் இழுத்துப் பிடிப்பது கீலின் மேற்கு முனை. கஜாவில் வேர் அறுந்து, தண்ணீர் இறங்கி, அழுகியதும் அதே மேற்கு. எந்த இடத்தில் மரத்துக்குப் பலம் வேண்டுமோ அந்த இடத்தில் தவிடு. நடுவில் 11 அங்குலப் பொந்து. வடகிழக்கே 8 அங்குலம் நல்ல மரம், மேற்கே 3 அங்குலம்கூட இல்லை. கொட்டகையைக் காப்பாற்றியது சின்னையாவின் கயிறு. கட்டையைப் பார்த்துவிட்டு அவர், "நான் தட்டும்போதே சொல்லுச்சுல்ல" என்றார். நான் சொன்னேன்ல என்று சொல்லவில்லை, மரம் சொல்லுச்சு என்றார்.

ஆசைப்பட்ட அடிமரத்தின் கணக்கையும் எழுதிவிடுகிறேன். பொந்து நாலடி உயரம் வரை போயிருந்தது. அந்த நாலடித் துண்டை மரவாடிக் கணக்கில் போட்டால் 13 கன அடி வரும். ஒரு பலகைகூடத் தேறவில்லை, முழுதும் விறகு. இடுப்புக்கு மேலே அறுத்திருந்தால் நிற்கப் போயிருந்ததும் அதே நாலடிதான்.

மரவாடிக் கணக்கு தெரியாதவர்களுக்கு: தடியின் நடுச் சுற்றளவைக் கயிற்றால் எடுத்து, கயிற்றை நாலாக மடித்து, அந்த அங்குலத்தை அதாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். என் பெரிய தடி 9 அடி நீளம், சுற்றளவு 78. நாலில் ஒன்று 19.5. கணக்கு 23.8 கன அடி. உருளைக் கணக்கில் பார்த்தால் 30-க்குக் கொஞ்சம் மேலே வரும். மடிக்கிற கணக்கில் நூற்றுக்கு இருபத்தொன்று காணாமல் போகிறது. முதலில் ஏமாற்று என்று நினைத்தேன். மில்லில் பக்கப்பட்டை கழிந்து விழுந்ததைப் பார்த்த பிறகு அவ்வளவு கோபமில்லை. மற்ற இரண்டு தடிகள் 8.2, 5. ஆக மொத்தம் 37 கன அடி.

கீழே விழுந்த மரத்தைத் துண்டு போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். பெரிய தடியை மேலிருந்து அறுத்தபோது இரண்டு முனையும் மண்ணில் தாங்கி, நடுவில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. பாதியில் தடி வாயை மூடிப் பிளேடைக் கடித்தது. கடப்பாரை, மிச்சமிருந்த புளியாப்பு, நாலு ஆள், அரை மணி நேரம். நடுவில் தொங்குகிற தடிக்கு மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு மீதியை அடியிலிருந்து அறுக்க வேண்டும். முனை தொங்கினால் இதைத் திருப்பிப் போட வேண்டும். கஜாவில் நூறு தென்னையில் கற்றதைக் களைப்பில் மறந்திருக்கிறேன்.

அடுத்த தப்பு சத்தமில்லாதது. வண்டி கிடைக்கவில்லை, மில்லில் கூட்டம் என்று தடிகள் மூன்று வாரம் கொல்லையில் வெயிலில் கிடந்தன. பெரிய தடியின் இரண்டு முனையும் நட்சத்திரம் மாதிரி வெடித்தது, 5 அங்குல ஆழம். இரண்டு பக்கமும் சேர்த்து 10 அங்குலம் கழிவு. அறுத்த அன்றே முனைகளில் பழைய எனாமல் பெயிண்டை இரண்டு கோட் அடித்திருந்தால் போதும். பரணில் அரை டப்பா இருந்தது.

மில்லில் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்தோம். முதல் பலகை பிரிந்ததும் அறுக்கிறவர் பெல்ட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். எலுமிச்சை மஞ்சள், நடுவில் தேன் நிறத்தில் ரேகை. "இத மிருதங்கத்துக்குக் கேப்பாங்க" என்றார். தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. இரண்டாவது பலகையில் வரிசையாக முடிச்சுகள் தெரிந்ததும் அடங்கிவிட்டது. கதவுக்கு முடிச்சு ஒரு குறையில்லை.

செலவு: சின்னையா 3 நாள் 3,600. மரமேறிய தம்பி 2,000, கேட்டதைவிடக் கூட்டித்தான் கொடுத்தேன், அந்தக் கிளைக்காக. கூலியாள் இருவருக்கு 1,600. கப்பி 600, கயிறு 1,900, செயினும் அரமும் 890, பெட்ரோல் 6 லிட்டர் 606, ஆயில் 350. ஷீட்டும் பைப்பும் 1,370. வண்டி 1,500. மில் கூலி கன அடி 60 வீதம் 2,220. மொத்தம் 16,636. விறகு இரண்டரை டன் போய் 6,250 வந்தது. கையிலிருந்து போனது 10,386. தேறிய பலகை 24 கன அடி, ஆக அடக்கம் கன அடிக்கு 433. வியாபாரி தருவதாகச் சொன்ன 9,000-ஐ விட்டதையும் சேர்த்தால்தான் நேர்மையான கணக்கு. அப்போது 808. மரவாடியில் ஆயிரத்துக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. என் மூன்று நாள் கூலியைப் போடவில்லை. போட்டால் லாபம் என்ற பேச்சே வராது.

பலகைகள் இப்போது தாழ்வாரத்தில், இரண்டு பலகைக்கு நடுவே முக்கால் அங்குலச் சட்டம் கொடுத்து அடுக்கியிருக்கிறது, மேலே நாலு ஹாலோபிளாக் பாரம். மஞ்சள் மெதுவாகப் பழுப்புக்குத் திரும்புகிறது. அம்மா ஒரு பலகையை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கென்று சொல்லவில்லை.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியதில் பாதியை வாங்கியே வைத்துவிட்டேன். காதுக்கு ஹெட்போன் மாதிரி மாட்டுகிற கவசம், ஏனென்றால் பஞ்சு போதாமல் இரண்டு நாள் காதுக்குள் வண்டு கத்தியது. இழுவைக்கு நைலானுக்குப் பதில் ஒயர் ரோப். மிஷின் பிடிக்கிறவன் கை தூக்கினால்தான் கப்பி இழுக்க வேண்டும் என்று ஒரு ஜாடை பேசிவைத்தாயிற்று. அழுகல் சந்தேகம் உள்ள பக்கத்தில் கீலை இரண்டு மடங்கு தடிமனாக விடுவது, அதுவும் தெரியவில்லையென்றால் இடுப்புக்கு மேலே போய்விடுவது. அப்புறம் தச்சரிடம் சொல்லி வாங்கிய 18 அங்குல நீளத் துளைப்பான், அரை அங்குலம் கனம், 380 ரூபாய்.

வாய்க்கால் கரையில் ஒரு வாகை கரண்டு கம்பிப் பக்கம் சாய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சின்னையாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கோடாரியால் சுற்றித் தட்டினார். நான் நாலு பக்கமும் துளை போட்டு, வருகிற தூளை வெள்ளைத் துணியில் தனித்தனியாகப் பிடித்தேன். மூன்று பக்கமும் முதலில் வெள்ளை, பிறகு கடைசி வரை காய்ந்த பழுப்பு. வடக்கே மட்டும் ஒன்பதாவது அங்குலத்தில் துளைப்பான் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காப்பித் தூள்.

சின்னையா துணியைப் பார்த்தார். "எங்க வச்சு அறுக்கப் போற?"

கரிக்கட்டியால் நெஞ்சுயரத்தில் ஒரு கோடு போட்டேன்.